இரவுக் கபடிக்கு எந்த லென்ஸ்? 90டி-க்கு 70-200 எஃப்/2.8 வாங்குவதா, 85 எஃப்/1.8 வாங்குவதா?

கரிசல்மண்:

வணக்கம். கேமரா கேனன் 90டி. கூடவே வந்த 18-135 மி.மீ. லென்ஸ், பிறகு வாங்கிய 55-250 எஸ்டிஎம், ஒரு 50 எஃப்/1.8 எஸ்டிஎம் இருக்கின்றன. மாவட்ட அளவில் நடக்கும் கபடிப் போட்டிகளை எடுத்துத் தர வேண்டும். ஆட்டமெல்லாம் பெரும்பாலும் இரவில்தான். களத்தைச் சுற்றிக் கம்பம் நட்டு எல்இடி விளக்குப் போடுகிறார்கள். சில ஊரில் மண் தரை, சில ஊரில் மேட். இது போகக் கல்லூரிக் கால்பந்துப் போட்டிகளும் உண்டு. அவை சாயங்காலம் ஐந்தரைக்குள் முடிந்துவிடும்.

55-250-ஐ வைத்து இரவில் 1/1000 நொடி ஷட்டர் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 25600-ஐத் தொடுகிறது. ஷட்டரை 1/250-க்கு இறக்கினால் ரெய்டரின் கையும் காலும் கலங்கிவிடுகின்றன. 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன், பழைய லென்ஸ் வாங்கத் தயக்கமில்லை. 70-200 எஃப்/2.8 தேடுவதா, 85 எஃப்/1.8 போதுமா? விளையாட்டு என்றாலே 150-600 வாங்கு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.


மைதானஓரம்:

150-600-ஐ இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 600 முனையில் அது எஃப்/6.3; எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும். எஃப்/2.8-ஓடு ஒப்பிட்டால் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் இருட்டு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். பகல் கிரிக்கெட்டுக்கும் பறவைகளுக்கும் நல்ல லென்ஸ். இரவுக் கபடிக்கு 55-250-ஐ விட மோசமாக இருக்கும்.

விளையாட்டுக்கு லென்ஸ் தேடும்போது எத்தனை மி.மீ. என்று தொடங்காமல், ஆள் எத்தனை மீட்டரில் நிற்பார் என்று தொடங்குங்கள். கணக்கு எளிது. 90டி-யின் சென்சார் 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். ஆள் நிற்கும் தூரத்தை மீட்டரில் எடுத்து 14.9-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ.-ஆல் வகுத்தால், கேமராவைக் கிடையாகப் பிடிக்கும்போது படச் சட்டத்துக்குள் எத்தனை மீட்டர் உயரம் அடங்கும் என்று வந்துவிடும். அகலத்துக்கு 22.3-ஆல் பெருக்குங்கள்.

இதைக் கபடிக் களத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு பாதி 6.5 மீட்டர். நீங்கள் இறுதிக் கோட்டுக்கு வெளியே, ஒரு மூலையை ஒட்டி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பக்கத்துப் பாதிக்குள் ரெய்டு வந்தால் ரெய்டர் 3 முதல் 7 மீட்டரில் இருப்பார், முகம் உங்களை நோக்கி இருக்கும். எதிர்ப் பாதியில் ரெய்டு நடந்தால், பிடியிலிருந்து திமிறி நடுக்கோட்டை நோக்கி அவர் பாயும்போதும் முகம் உங்கள் பக்கம்தான். அப்போது தூரம் 7 முதல் 10 மீட்டர்.

85 மி.மீ. வைத்தால் 9 மீட்டரில் 1.58 மீட்டர் உயரம், 2.36 மீட்டர் அகலம் கிடைக்கும். பிடியில் எல்லாரும் குனிந்தும் விழுந்தும்தான் இருப்பார்கள், ஆகையால் ரெய்டரும் இரண்டு மூன்று டிஃபெண்டர்களும் நெருக்கமாக அடங்கிவிடுவார்கள். கபடிக்கு வேண்டிய சட்டம் இதுதான். அதே 85, 4 மீட்டரில் 70 செ.மீ. உயரம்தான் காட்டும்: ஒரு முகமும் ஒரு கையும். கணுக்காலைப் பிடித்த கை வெளியே போய்விடும். அங்கே உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 50 வேலை செய்யும்: 4 மீட்டரில் 1.2 மீட்டர் உயரம், 1.8 மீட்டர் அகலம்.

200 மி.மீ.-க்கு இந்தக் களத்தில் ஏறக்குறைய வேலையே இல்லை. 9 மீட்டரில் 67 செ.மீ. உயரம்தான் வரும். முகபாவனை எடுக்கலாம், ஆட்டம் வராது.

அடுத்தது வெளிச்சம். கம்பத்து விளக்கில் 1/1000, எஃப்/2.8 என்றால் ஐஎஸ்ஓ 6400 பக்கம் வரும். உங்கள் எஃப்/5.6, 25600 கணக்கோடு அது சரியாகப் பொருந்துகிறது, இரண்டு ஸ்டாப் என்பது நான்கு மடங்கு. எஃப்/2-க்குப் போனால் 3200, எஃப்/1.8-ல் 2500. 90டி-யின் 32.5 மெகாபிக்சல் சென்சாரில் 2500-க்கும் 6400-க்கும் உள்ள வித்தியாசம் தோலின் நிறத்திலும், இருண்ட பின்னணியில் மொய்க்கும் புள்ளிகளிலும் பளிச்சென்று தெரியும்.

ஆகவே முதலில் கேனன் இஎஃப் (90டி-யில் மாட்டும் லென்ஸ் வகை) 85 எஃப்/1.8 யுஎஸ்எம். 425 கிராம், ஃபில்டர் 58 மி.மீ. 1992-ல் வந்த வடிவம்தான், ஆனால் அதன் வளைய யுஎஸ்எம் மோட்டார் இன்றைக்கும் சட்டென்று ஃபோக்கஸ் பிடிக்கும். பழையது வாங்கினால் உங்கள் தொகையில் பாதிகூட ஆகாது. இரண்டு குறைகளைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எஃப்/1.8-ல் வெள்ளைக் கோடு, வெள்ளைச் சட்டை விளிம்புகளில் ஊதா நிறம் கசியும், எஃப்/2.2-க்குப் போனால் பெரும்பகுதி அடங்கிவிடும். இன்னொன்று, ஃபோக்கஸ் ஆழம் மெல்லிசு: 6 மீட்டரில் எஃப்/1.8 வைத்தால் முன்னும் பின்னும் சேர்த்து 35 செ.மீ. கூட இல்லை. ரெய்டரின் நீட்டிய கையில் ஃபோக்கஸ் விழுந்தால் முகம் போய்விடும்.

எஃப் எண்ணை மட்டும் பார்த்து 85 எஃப்/1.2 எல் பக்கம் போகவேண்டாம். அதன் கண்ணாடிக் கட்டு கனமானது, மோட்டார் அதை நகர்த்தவே நேரம் எடுக்கும். மணமேடைக்கு அருமையான லென்ஸ், ரெய்டுக்கு ஆகாது.


நெய்தல்:

மைதானஓரம் சொன்ன கணக்கு சரிதான், ஆனா அது மூலையில உட்கார இடம் கிடைச்சாத்தான். ஊர்ப் போட்டிகள்ல இறுதிக் கோட்டுக்குப் பின்னாடி ரெண்டு மூணு மீட்டர்லயே கயிறு கட்டிடுவாங்க, அதுக்கு முன்னாடி ஜனம் தரையில உட்கார்ந்துடும். கமிட்டி மேடைக்குப் பக்கத்துல நின்னு எடுங்கன்னு சொல்ற இடமும் உண்டு. அங்கேருந்து நடுக்கோடு 12, 15 மீட்டர். 15 மீட்டர்ல 85 போட்டா 2.6 மீட்டர் உயரம் வரும், ஆளுங்க சின்னதாத் தெரிவாங்க. வெட்டி எடுக்கணும். இருட்டுல எடுத்த படத்தைப் பாதியா வெட்டினா என்ன மிஞ்சும்?

மேட் போட்ட பெரிய போட்டின்னா விளக்கும் நல்லா இருக்கும், அங்க எஃப்/2.8 தாராளம். ரெண்டு விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே லென்ஸ்னா நான் 70-200 எஃப்/2.8 பக்கம்தான். கால்பந்துல கோல் கோட்டுக்குப் பக்கத்துல உட்கார்ந்தா, 200 வச்சு 30 மீட்டர் வரைக்கும் 2.2 மீட்டர் உயரம் வரும். பெனால்டி பகுதி 16.5 மீட்டர் ஆழம், 40.3 மீட்டர் அகலம். உங்க பக்கத்து கோல் முன்னாடி நடக்கிறது முழுக்க இதுல அடங்கிடும். அந்தப் பக்கத்து கோலை விட்டுடுங்க, அது நூறு மீட்டருக்கு மேல. அங்க 400 போட்டாலும் பத்தாது.

இஎஃப்-ல பழசு தேடினா இப்படித்தான் வரும். விலை குறைஞ்சது ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தைத் திருத்துறது) இல்லாத 70-200 எஃப்/2.8 எல், 1995-ல வந்தது, 1310 கிராம். அதுக்கு மேல 2001-ல வந்த முதல் ஐஎஸ், அதாவது ஸ்டெபிலைசர் உள்ளது. அதைத் தொடாதீங்க: வயசாகிடுச்சு, 200-ல முழுசாத் திறந்து எடுத்தா அதுக்குப் பின்னாடி வந்தவை அளவுக்குக் கூர்மை இல்ல, ஐஎஸ் கெட்டா பாகம் கிடைக்கிறதும் கஷ்டம். 2010-ல வந்த ஐஎஸ் II தான் தேடவேண்டிய சரக்கு. 2018-ல வந்த III-ல கண்ணாடிப் பூச்சு மட்டும்தான் பெருசா மாறுச்சு, அதுக்காகக் கூடப் பணம் கொடுக்கத் தேவையில்ல. வெளிக் கம்பெனியில டாம்ரான் 70-200 ஜி2, சிக்மா 70-200 ஸ்போர்ட்ஸ். சிக்மா 1.8 கிலோ, ராத்திரி முழுக்கக் கையில வச்சிருக்கிறது சுலபமில்ல.

60,000-த்துக்கு ஐஎஸ் II நல்ல நிலையில கிடைக்கலைன்னா, ஸ்டெபிலைசர் இல்லாததை வாங்குங்க. விளையாட்டுக்கு அதனால நஷ்டம் கிடையாது.


கரிசல்மண்:

இருவருக்கும் நன்றி. மூலையில் இடம் வாங்க முடியும், கமிட்டியில் முன்கூட்டியே பேசிவிடலாம். கூடுதலாக மூன்று சந்தேகங்கள். ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் பரவாயில்லை என்பது எப்படி? ஓரிரு வருடத்தில் கேனனின் மிரர்லெஸ் கேமரா ஆர்7-க்கு மாறினால் இப்போது வாங்கும் இஎஃப் லென்ஸ் வீணா? அப்புறம், ஒரே தொடரில் எடுத்த படங்களில் ஒன்று சரியாகவும் அடுத்தது மஞ்சளாகவும் இன்னொன்று பாதி இருட்டாகவும் வருகின்றன. இது லென்ஸ் கோளாறா?


வெள்ளிக்கம்பி:

மூன்றாவதை நான் சொல்கிறேன். லென்ஸ் கோளாறு இல்லை, விளக்கு துடிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சம். ஆகவே மெட்டல் ஹாலைடு விளக்கும், மலிவான டிரைவர் போட்ட எல்இடியும் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஒரு துடிப்பு 10 மில்லி செகண்ட். நீங்கள் வைக்கும் 1/1000 என்பது 1 மில்லி செகண்ட்தான். அந்தத் துடிப்பின் உச்சத்தில் விழுந்தால் படம் வெளிச்சம், அடியில் விழுந்தால் இருட்டு. சில விளக்குகளில் அடியில் நிறமும் மாறும், அந்த மஞ்சள் அங்கிருந்துதான் வருகிறது.

பாதிப் படம் மட்டும் இருட்டாக வருவதற்கும் இதுதான் மூலம். 1/1000-ல் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஷட்டர் திரைகளுக்கு நடுவே ஒரு பிளவு மேலிருந்து கீழே ஓடுகிறது. 90டி-யின் ஃபிளாஷ் சிங்க் (சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மிக வேகமான ஷட்டர்) 1/250, அதாவது அந்த ஓட்டம் 4 மில்லி செகண்டுக்குள் முடிகிறது. அதற்குள் விளக்கு உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கிவிடலாம்.

90டி மெனுவில் ஆன்டி-ஃபிளிக்கர் ஷூட்டிங் இருக்கிறது, அதைப் போடுங்கள். வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது கேமரா துடிப்பை அளந்து உச்சத்தில் ஷட்டரை விடும். தொடர் வேகம் நொடிக்கு 10 படத்திலிருந்து கொஞ்சம் குறையும், பட்டனை அழுத்தியதற்கும் படம் விழுவதற்கும் நடுவில் நூலிழைத் தாமதம் வரும். அந்த விலையைக் கொடுத்தே ஆகவேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் விளக்கில் அதிர்வெண் ஆடுவதால் சில நேரம் கேமரா துடிப்பைப் பிடிக்காது. அப்போது 1/640-க்கு இறக்கிப் பாருங்கள், இருட்டுப் பட்டையின் விளிம்பு சற்று மென்மையாகும். பரிசளிப்புப் படங்களுக்கு 1/100 வைத்தால் ஒரு துடிப்பு முழுவதும் சட்டத்துக்குள் வந்து பிரச்சினையே இருக்காது.

எக்ஸ்போஷரை முழு மேனுவலில் வையுங்கள். பின்னால் கறுப்பு இரவு, முன்னால் வெள்ளை பனியன்; கேமரா அளவிட்டால் இருட்டைப் பார்த்து ஏமாந்து முகத்தை வெளுக்கடித்துவிடும். ஆட்டம் தொடங்குமுன் நடுக்களத்தில் ஒருவரை நிற்கவைத்து ஒரு படம், மூலையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மூலை ஒரு ஸ்டாப் குறைவாக இருப்பது சாதாரணம். முக்கியமான ஆட்டம் எங்கே நடக்குமோ, அதாவது நடுக்கோட்டுக்கும் போனஸ் கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதி, அதற்கு அளவை வைத்துக்கொண்டு மூலையை ரா (RAW) கோப்பிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். வெள்ளைச் சமன்பாட்டை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விடாமல் ஒரே கெல்வின் எண்ணில் நிறுத்துங்கள். எல்லாப் படமும் ஒரே அளவில் தவறியிருந்தால் மொத்தமாக ஒரே திருத்தத்தில் சரியாகும்.

ஃபோக்கஸ் அமைப்பில்தான் பலர் லென்ஸைக் குறை சொல்லும்படி ஆகிறது. ஏஐ செர்வோ, அதாவது அசையும் ஆளை விடாமல் பின்தொடரும் ஃபோக்கஸ் முறை, வையுங்கள். ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோக்கஸை எடுத்து ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு மாற்றுங்கள். 45 புள்ளியையும் தானியங்கியில் விட்டால் முன்னால் நிற்கும் டிஃபெண்டரின் முதுகைத்தான் பிடிக்கும், ஏனென்றால் அது பக்கத்தில் இருக்கிறது. ஒற்றைப் புள்ளி, அல்லது ஜோன் (சில புள்ளிகளின் கூட்டம்). ரெய்டரின் நெஞ்சில், சட்டை எண் மேல் வையுங்கள்: அங்கே கறுப்பு வெள்ளை வேறுபாடு அதிகம், சென்சார் உடனே பிடிக்கும். வெறும் ஒரே நிறப் பனியனில் திணறும். கஸ்டம் ஃபங்ஷனில் டிராக்கிங் சென்சிட்டிவிட்டியை கழித்தல் பக்கம் -1-க்குத் தள்ளுங்கள். குறுக்கே ஒருவர் ஓடினாலும் ஃபோக்கஸ் அவரிடம் தாவாமல் ஒரு கணம் காத்திருக்கும். ரெய்டு 30 நொடி. அந்த 30 நொடியும் ரெய்டரை விடாமல் புள்ளியில் வைத்திருந்து, தொட்ட பிறகு விரலை அழுத்துங்கள். தொடும்வரை காத்திருந்து ஃபோக்கஸைத் தொடங்கினால் பிடி முடிந்த பிறகுதான் படம் கூர்மையாகும்.

எஃப்/2.8-க்குத் திறக்கும் லென்ஸ்களில் 90டி-யின் நடுப்புள்ளி கூடுதல் துல்லியத்தோடு வேலை செய்யும். எஃப்/5.6 லென்ஸில் அந்த வசதி இயங்காது. நீங்கள் எஃப்/2.8-ல் எடுக்காமல் எஃப்/4-ல் எடுத்தாலும் இந்தப் பலன் உண்டு, ஏனென்றால் ஃபோக்கஸ் பிடிக்கும்போது லென்ஸ் முழுமையாகத் திறந்தேதான் இருக்கிறது.


மைதானஓரம்:

நெய்தலின் எதிர்வாதம் நியாயமானது. 12 மீட்டருக்குப் பின்னால் நிறுத்தப்பட்டால் 85 பற்றாது. அந்த நிலையிலும் நான் ஜூமுக்கு முன்னால் 135 எஃப்/2 எல்-ஐப் பார்ப்பேன். 750 கிராம், 15 மீட்டரில் 1.66 மீட்டர் உயரம், எஃப்/2.8-ஐ விட ஒரு முழு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். ஆனால் மூலையில் இடம் வாங்கிவிடுவேன் என்கிறார், அப்படியானால் 85-ம் 50-ம் போதும்.

பகல் கால்பந்துக்குப் புது லென்ஸே வேண்டாம் என்பது என் கருத்து. தெளிவான வெயிலில் எஃப்/5.6, 1/1600, ஐஎஸ்ஓ 200 கிடைக்கும். உங்கள் 55-250 எஸ்டிஎம் அந்த வெளிச்சத்தில் கூர்மையான லென்ஸ், 200-க்குப் பதில் 250 வரை போகிறது. மேகம் மூடினால் ஐஎஸ்ஓ 800, ஐந்து மணிக்கு மேல் 1600, 3200. பின்னணி விளம்பரப் பலகைகள் கரையாமல் நிற்கும் என்பதுதான் இழப்பு. தரையோடு தரையாக உட்கார்ந்து, தொலைவில் மரம் அல்லது காலியான மைதானம் பின்னால் வருமாறு இடம் பிடித்தால் அதுவும் பாதி சரியாகும். ஆகையால் 60,000-த்தை இரண்டு விளையாட்டுக்கும் பங்கு போடாமல், வெளிச்சம் இல்லாத விளையாட்டுக்குச் செலவிடுங்கள். மிச்சப் பணம் பிறகு 200 எஃப்/2.8 எல் II-க்கு ஆகும். ஒற்றைக் குவிய லென்ஸ், 765 கிராம்தான், கால்பந்துக்குப் பழைய சந்தையில் அதைப் பலர் கவனிப்பதில்லை.

ஸ்டெபிலைசர்: அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், ரெய்டரின் கால் ஓட்டத்தை நிறுத்தாது. 1/1000-ல் கை நடுக்கம் படத்தில் தெரியாது. அதற்கு வேலை வருவது ஓடும் ஆளோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே 1/60, 1/125-ல் எடுக்கும்போது. அப்போது மோட் 2 போட வேண்டும், அது கிடைத்திசை அசைவை விட்டுவிட்டு மேல்-கீழ் அசைவை மட்டும் திருத்தும். மோட் 1-லேயே விட்டால் நீங்கள் திருப்புவதை எதிர்த்து இழுக்கும். ஓட்டப் பந்தயத்துக்கு ஆகும், கபடியில் தேவைப்படாது.

ஆர்7: இஎஃப் லென்ஸ் வீணாகாது. இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டரில் லென்ஸ் கண்ணாடி கிடையாது, இடைவெளி வளையமும் மின் இணைப்பும்தான். அதனால் வெளிச்சமும் குறையாது, ஃபோக்கஸ் வேகமும் குறையாது. எதிர்த்திசையில் வழியே இல்லை: ஆர்7-க்கான ஆர்எஃப் லென்ஸை 90டி-யில் மாட்ட முடியாது. ஆர்எஃப் 85 எஃப்/2 மேக்ரோவைப் பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், ஃபோக்கஸ் மெதுவானது, விளையாட்டுக்கு உருவானதல்ல. ஆர்7-ல் மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 15 படம் வருகிறது. எலக்ட்ரானிக்கில் 30 வரும், ஆனால் சென்சாரை வாசிக்கும் வேகம் போதாமல் வீசும் கை சாய்ந்து விழும், எல்இடி விளக்கில் கோடு கோடாக வரும். இரவுக் கபடிக்கு மெக்கானிக்கல்தான்.


நெய்தல்:

55-250 பத்தி மைதானஓரம் சொன்னதை ஒத்துக்கிறேன். வெயில் நேரத்துக் கால்பந்து மட்டும்னா இருக்கிறதே போதும். அப்போ 85 வாங்குங்க.

பழசு வாங்கும்போது பார்க்கவேண்டியதைச் சொல்லிடறேன், 85-க்கும் பொருந்தும், பின்னாடி ஜூம் வாங்கினா அதுக்கும் பொருந்தும். ரெண்டு பக்க மூடியையும் கழட்டிட்டு, அப்பர்ச்சர் (லென்ஸோட ஒளித் துவாரம்) முழுசாத் திறந்த நிலையில, மொபைல் டார்ச்சைப் பின்பக்கத்துலேருந்து சாய்வா அடிச்சு முன்பக்கமா பாருங்க. ரெண்டு மூணு தூசித் துகள் படத்துல தெரியாது, விட்டுடலாம். சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தா பூஞ்சை. கண்ணாடி முழுக்க மங்கலாப் புகை படிஞ்சா மாதிரி இருந்தா அதுவும் வேண்டாம், விளக்கு நேரா விழுற ராத்திரி ஆட்டத்துல படம் முழுக்க வெளுத்துப்போகும். கடலோர ஊர்லேருந்து வர்ற லென்ஸ்னா திருகுத் தலைகள்ல துரு இருக்கான்னு பாருங்க.

உங்க 90டி-யைக் கையோட கொண்டு போங்க. மாட்டினதும் எஃப்/8 வச்சு பத்துப் படம் தொடரா எடுங்க. முழுசாத் திறந்தே எடுத்துப் பார்த்தா அப்பர்ச்சர் இதழ் அசையவே அசையாது, அதுல இருக்கிற கோளாறு வெளிய வராது. இதழை இயக்குற பட்டைக் கம்பி பழுதா இருந்தா எஃப்/8-ல உடனே திரையில எர்ரர் 01 வரும். ஜூம் லென்ஸ்னா 70-லயும் 200-லயும் இதே சோதனையைச் செய்யுங்க, ஏதாவது ஒரு முனையில மட்டும் வர்ற கோளாறு நிறைய.

அடுத்தது ஃபோக்கஸ். பக்கத்துல ஒரு பொருள், தூரத்துல ஒரு பொருள், மாத்தி மாத்திப் பிடிச்சுப் பாருங்க. யுஎஸ்எம் மோட்டார் கிட்டத்தட்டச் சத்தமே போடாது. கிறீச்சுன்னு சத்தம் கேட்டாலோ, ஓடிப் பாதியில நின்னு திரும்பத் தொடங்கினாலோ மோட்டார் தேய்ஞ்சிருக்கு. கையால ஃபோக்கஸ் வளையத்தைச் சுத்தும்போது ஒரே சீரா இருக்கணும், எங்கேயாவது மணல் அரைக்கிற உணர்வு வந்தா வேண்டாம். கடைசியா ஒரு செங்கல் சுவரை நேரா நின்னு முழுசாத் திறந்து எடுத்து, நாலு மூலையையும் பெருசாக்கிப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் மங்கினா கீழ விழுந்த லென்ஸ்.


கரிசல்மண்:

85 வாங்கிவிடுகிறேன். எஃப்/1.8-ல் ஆழம் 35 செ.மீ. கூட இல்லை என்றால், கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஃபோக்கஸ் சரியாகப் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டுமா?


வெள்ளிக்கம்பி:

சோதிக்கத்தான் வேண்டும். 90டி போல உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள கேமராவில் ஃபோக்கஸ் சென்சாரும் படச் சென்சாரும் தனித்தனி, சில செ.மீ. முன்னோ பின்னோ விழுவது சகஜம். 90டி-யில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (ஃபோக்கஸை முன்பின் நகர்த்தும் திருத்தம்) உண்டு, +20 முதல் -20 வரை.

கேமராவை முக்காலியில் வைத்து, குவியத் தொலைவைப் போல 50 மடங்கு தூரத்தில், அதாவது 85-க்கு 4.25 மீட்டரில், ஒரு தட்டையான அச்சுத் தாளைக் கேமராவுக்கு நேராக நிறுத்துங்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலைச் சாய்வாக, நடு எண் தாளின் அதே தளத்தில் வருமாறு வையுங்கள். ஒன் ஷாட் (ஒருமுறை பிடித்து நிற்கும் ஃபோக்கஸ் முறை), நடுப்புள்ளி, எஃப்/1.8, 1/500-க்குக் குறையாமல். ஒவ்வொரு முறையும் ஃபோக்கஸை முடிவிலிக்குச் சுற்றிவிட்டுத் திரும்பப் பிடிக்க வையுங்கள். ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு செய்யவேண்டாம். ஐந்தாறு எடுத்து, பெரும்பாலானவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். முன்னால் விழுந்தால் எண்ணைக் கூட்டலுக்கும், பின்னால் விழுந்தால் கழித்தலுக்கும் ஐந்து ஐந்தாக நகர்த்தி, நெருங்கியதும் ஒன்று ஒன்றாக.

இதைப் பகல் வெளிச்சத்தில் செய்துவிட்டு, போட்டி நடக்கும் விளக்கின் கீழும் ஒருமுறை சரிபாருங்கள். விளக்கின் நிறத்துக்கேற்ப ஃபோக்கஸ் சென்சாரின் கணிப்பு சற்று மாறும், பெரிய அப்பர்ச்சரில் அந்த வித்தியாசம் படத்தில் தெரியும் அளவுக்கு இருக்கலாம். இரண்டு எண் வந்தால் இரவு எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள், பகலில் எப்படியும் எஃப்/4-க்கு மேல்தான் எடுப்பீர்கள்.

லென்ஸை வீட்டில் தோல் பையிலோ பீரோவிலோ வைக்காதீர்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். 60-ஐத் தாண்டினால் ஜெல்லை வாணலியில் சூடாக்கி ஈரம் போக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள். மண் தரைப் போட்டி முடிந்த இரவில் துணியால் துடைக்கத் தொடங்கவேண்டாம். முதலில் ஊதுகுப்பியால் புழுதியை ஊதி எடுங்கள், மவுன்ட் விளிம்பிலும் கண்ணாடி ஓரத்திலும் படிந்திருக்கும் மணல்தான் கீறல் போடும்.